தபாலில் வரும் வித்தை



இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் தற்காப்புக் கலையும் தொலைநிலைக் கல்வியும் என்பது. கராத்தே, ஜூடோ, சிலம்பம், களரி போன்ற கலைகளில், சர்வகலாசாலைகள் வழங்குகின்ற சான்றிதழ், பட்டயம், இளங்கலை, முதுகலை என்னும் வரிசையை ஒத்த பட்டங்களை, வீட்டில் இருந்தபடியே பாடங்களைத் தருவித்துப் படித்துப் பெறலாம் என்று சொல்லுகின்ற நிறுவனங்கள் உலகெங்கும் பெருகிவிட்ட காலம் இது. முன்பு தபாலில் வந்த பாடம் இன்று கைபேசியில் வருகிறது. முன்பு தாளில் எழுதி அனுப்பிய விடை இன்று படம் பிடித்து அனுப்பப்படுகிறது. வழி மாறியிருக்கிறதே ஒழியக் கேள்வி மாறவில்லை. உடம்பால் கற்க வேண்டிய ஒரு வித்தையைத் தூரத்திலிருந்து கற்க முடியுமா? கற்றதை அளந்து சொல்லுகிற பட்டத்தைத் தூரத்திலிருந்து கொடுக்க முடியுமா? இவ்விரண்டும் ஒரே கேள்வி போலத் தோன்றினாலும் வெவ்வேறு கேள்விகள் என்பதை முதலிலேயே உங்கள் நினைவில் இருத்த விரும்புகிறேன்.

இந்த விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. தபாலில் நீச்சல் கற்க முடியுமா, தபாலில் சிலம்பம் சுற்ற முடியுமா என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போவது ஒரு கட்சி. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய பத்திரமே வித்தை என்று நம்புவது இன்னொரு கட்சி. நான் இவ்விரண்டிலும் சேர்ந்தவன் அல்லன். சிரிப்பவர்களிடத்திலே கருணை போதாது. நம்புகிறவர்களிடத்திலே விசாரணை போதாது. ஆகவே கருணையோடும் விசாரணையோடும் இப்பொருளைச் சற்று நிதானமாக நோக்குவோம்.

முதலில் கருணையைச் சொல்லுகிறேன். தூரத்திலிருந்து கற்க விரும்புகிறவன் யார்? அவன் சோம்பேறி என்று எண்ணாதீர்கள். நல்ல ஆசான் ஒருவர் தன் ஊரில் இல்லாத குறையினால் தவிப்பவன் அவன். பகலெல்லாம் பட்டறையில் உழைத்துவிட்டு, இரவில் ஒரு மணி நேரமாவது தனக்கென்று ஒதுக்கத் துடிக்கிறவன் அவன். குழந்தைகளை உறங்க வைத்த பின்னர்தான் புத்தகத்தைத் திறக்க முடிகிற தாய் அவள். இவர்களுக்காகத்தான் தொலைநிலைக் கல்வி என்னும் பெருந்தருமம் தோன்றியது. இங்கிலாந்தில் 1840-ஆம் ஆண்டு ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பலாம் என்ற ஏற்பாடு வந்தவுடனே, ஐசக் பிட்மன் என்பவர் தாம் வகுத்த சுருக்கெழுத்தைத் தபால் மூலம் கற்பிக்கத் தொடங்கினார். 1858-ஆம் ஆண்டு லண்டன் சர்வகலாசாலை, எங்கே படித்தவராயினும் வந்து பரீட்சை எழுதலாம் என்று தன் கதவைத் திறந்தது. பிற்காலத்தில் இலங்கையில் இருந்தபடியே லண்டன் பரீட்சை எழுதிப் பட்டம் பெற்ற தமிழர் பலர். நம் நாட்டில் டெல்லி சர்வகலாசாலை 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. கல்லூரி வாசலை மிதித்தறியாத எத்தனையோ குடும்பங்களில் முதல் பட்டதாரி தபால்காரர் கையிலிருந்து பிறந்திருக்கிறார். இப்படிப்பட்ட ஒரு மார்க்கத்தை நகைத்துத் தள்ளுவது நமக்கு அழகாகுமா?

இனி விசாரணைக்கு வருவோம். பிட்மன் ஏன் வெற்றி பெற்றார்? அவர் கற்பித்தது எழுத்து. மாணவன் எழுதி அனுப்பிய தாளிலேயே அவனுடைய வித்தை முழுவதும் அடங்கியிருந்தது. கோடு கோணினால் அது தாளிலே தெரியும்; குறி தவறினால் அது தாளிலே தெரியும். ஆசிரியர் அந்தத் தாளைத் திருத்தியபோது மாணவனுடைய வித்தையையே திருத்தினார். லண்டன் சர்வகலாசாலை ஏன் வெற்றி பெற்றது? போதனையை அது உலகத்துக்கே விட்டுவிட்டது. பரீட்சையை மட்டும் தன் கண்காணிப்பில் வைத்துக்கொண்டது. எங்கே வேண்டுமானாலும் படி, எவரிடம் வேண்டுமானாலும் படி, ஆனால் பரீட்சை மண்டபத்துக்கு வந்து உட்கார் என்றது. தூரத்தில் கற்பது ஒன்று, தூரத்தில் அளப்பது வேறொன்று என்ற பேதத்தை அது அறிந்திருந்தது.

அப்படியானால், எதிரே நிற்பவன் தள்ளும்போது விழாமல் நிற்பதே வித்தையாக இருக்கும் ஒரு கலையில், அந்த வித்தை எந்தத் தாளில் வந்து சேரும்?

இந்தக் கேள்வி நேற்று முளைத்தது அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டோக்கியோவில் தெய்கோக்கு ஷோபுகாய் என்னும் சங்கம் ஜூஜுட்ஸூவை அச்சிட்ட பாடங்களாக்கித் தபாலில் அனுப்பிவந்தது. அமெரிக்காவில் மார்ட்டின் பர்ன்ஸ் என்ற மல்லர் இருந்தார். அயோவா மாநிலத்தில் பிறந்த அவரை 'ஃபார்மர் பர்ன்ஸ்' என்றே மக்கள் அழைத்தனர். அவர் 1914-ஆம் ஆண்டு மல்யுத்தத்தையும் தேகப்பயிற்சியையும் தபால் பாடங்களாக வெளியிட்டார். மூச்சைப் பழக்குவது எப்படி, கழுத்தை உறுதிப்படுத்துவது எப்படி, பிடியைப் போடுவது எப்படி, அதை விடுவிப்பது எப்படி என்றெல்லாம் படங்களோடு விளக்கிய பாடங்கள் அவை. நேர்மையான பாடங்கள், அவற்றால் உடம்பு தேறியவர் பலர் இருந்திருப்பர்.

ஆனால் அதே பர்ன்ஸிடம் பயின்று உலக வீரனாக உயர்ந்த ஃபிராங்க் காட்ச் எப்படி மாணவனானான் தெரியுமா? 1899-ஆம் ஆண்டு, ஊர்ச் சவால் ஒன்றில், இளைஞனாகிய காட்ச், தன்னினும் வயதில் மூத்தவராகிய பர்ன்ஸை எதிர்த்து நின்றான். நின்றான், போராடினான், தோற்றான். தோல்வியிலேயே அவனுடைய பலத்தை அளந்தறிந்த பர்ன்ஸ், நீ என்னோடு வா, உன்னை நான் பழக்குகிறேன் என்று அழைத்துக்கொண்டார். அவ்விளைஞன்தான் 1908-இல் ஹக்கன்ஷ்மிட் என்ற பெருமல்லரை வென்று உலகப் பட்டத்தைத் தட்டிச் சென்றவன். ஆசிரியர் ஒருவரே, பாடமும் ஏறக்குறைய ஒன்றே. தபாலில் கற்ற மாணவனை ஆசிரியர் தொடவில்லை, காட்சைத் தொட்டார். அந்த ஒரு தொடுதலில் அடங்கிய பரீட்சையை எந்த வினாத்தாள் நடத்த முடியும்?

இவ்வளவு சொன்னதனால், புத்தகம் வீண், தொடுவதே எல்லாம் என்று நான் சொல்லவருவதாக எண்ணிவிடாதீர்கள். அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அந்தப் பக்கத்தைக் காட்ட, இன்றைய பேச்சுக்கு நாயகராக விளங்கத்தக்க ஒரு மகாபுருஷரை உங்கள் முன் நிறுத்துகிறேன். அவர்தான் ஜூடோவை வகுத்த கானோ ஜிகோரோ.

கானோ 1860-ஆம் ஆண்டு பிறந்தவர். மெலிந்த உடம்பு, பள்ளியில் பலசாலிகள் அவரை வருத்தினார்கள். டோக்கியோ சர்வகலாசாலையில் இலக்கியமும் அரசியலும் பொருளாதாரமும் பயின்றுகொண்டிருந்த காலத்திலேயே, 1877-ஆம் ஆண்டளவில், ஃபுகுடா ஹச்சினோசுகே என்ற ஜூஜுட்ஸூ ஆசானை அவர் தேடிக் கண்டடைந்தார். ஒரு நாள் ஆசான் அவரை ஒரு வீச்சால் வீழ்த்தினார். மாணவர் எழுந்து, ஐயா, கையை எவ்வாறு வைப்பது, காலை எவ்வாறு வைப்பது என்று கேட்டார். ஆசான், வா என்றார், மீண்டும் வீழ்த்தினார். மாணவர் மறுபடியும் கேட்டார். ஆசான் மறுபடியும் வீழ்த்தினார். கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, பல முறை செய்தால் தானே வரும் என்பதே அவருடைய போதனை. ஃபுகுடா நல்ல ஆசான்; ஆனால் அவருடைய வித்தை கைகளில் இருந்ததே ஒழிய வாக்கில் இல்லை.

அதே கூடத்தில் ஃபுகுஷிமா என்றொரு மாணவர் இருந்தார். கனத்த உடம்பு, மிகுந்த பலம். கானோவால் அவரை அசைக்கவும் முடியவில்லை. என்ன செய்வது? முதலில் சுமோ மல்லர்களுடைய பிடிகளை ஆராய்ந்து பார்த்தார், பயன்படவில்லை. பிறகு நூல் நிலையத்துக்குச் சென்று, மேல்நாட்டு மல்யுத்தத்தைப் பற்றிய புத்தகத்தைப் புரட்டினார். அதிலே எதிரியைத் தோள்மேல் ஏற்றிச் சுழற்றி வீழ்த்தும் ஒரு முறையைக் கண்டார். நண்பர்களோடு அதைப் பழகினார். பின்னர் கூடத்துக்குப் போய், ஃபுகுஷிமாவின் முன் நின்று, அந்தப் பெரிய உடம்பைத் தோள்மேல் தூக்கி வீழ்த்தினார். ஜூடோவில் இன்றும் 'கடா குருமா', அதாவது தோட்சக்கரம் என்று வழங்கும் வீச்சு அதுவேயாகும்.

அன்பர்களே, இந்த ஒரு நிகழ்ச்சியிலே நம் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்த வீச்சு அவருக்கு எங்கிருந்து வந்தது? தூரத்திலிருந்து வந்தது. கண்ணால் காணாத தேசத்து ஆசிரியர் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது. ஆகவே தூரத்திலிருந்து கற்க முடியாது என்று சொல்லுகிறவர்களுடைய வாதம் அங்கே விழுந்துவிடுகிறது. ஆனால் புத்தகத்தைப் படித்து முடித்த அன்றே கானோ அந்த வீச்சை அறிந்தவராகிவிட்டாரா? இல்லை. நண்பர்களோடு பழகிய அன்றாவது அறிந்தவராகிவிட்டாரா? அப்போதும் இல்லை. விழ விரும்பாத ஒருவரை வீழ்த்திய அந்தக் கணத்திலேதான் அது அவருடைய சொத்தாயிற்று. ஆகவே பத்திரமே வித்தை என்று நம்புகிறவர்களுடைய வாதமும் அங்கே விழுந்துவிடுகிறது.

இவ்வனுபவங்களை நெஞ்சில் சுமந்துகொண்டுதான் அவர் 1882-ஆம் ஆண்டு, எய்ஷோஜி என்னும் பௌத்த ஆலயத்தில், பன்னிரண்டு பாய் விரித்த சிறு இடத்தில், ஒன்பது மாணவர்களோடு கோடோகான் என்னும் தம் ஜூடோக் கூடத்தைத் தொடங்கினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக விளங்கிய அக்கல்விமான், தம் கலையை நான்கு அங்கங்களாக வகுத்தார். முதலாவது கட்டா, வகுக்கப்பட்ட அசைவுகளை முறை தவறாது செய்தல். இரண்டாவது ரண்டோரி, எதிர்ப்பவனோடு கட்டற்றுப் பயிலுதல். மூன்றாவது கோகி, விரிவுரை. நான்காவது மொண்டோ, வினாவும் விடையும். அன்று ஆசானிடம் கேட்டு விடை பெறாத கானோ, கேள்வி கேட்பதையே தம் கலையின் ஓர் அங்கமாக ஆக்கிவிட்டார்!

இந்த நான்கையும் தராசில் வைத்துப் பாருங்கள். விரிவுரை தபாலில் வருமா? தாராளமாக வரும். வினாவும் விடையும் தபாலில் வருமா? வரும், கூட்டத்தில் கேட்கக் கூசுகிற மாணவன் கடிதத்தில் துணிந்து கேட்பான். கட்டா வருமா? பாதி வரும், படத்தில் உருவம் தெரியும், உருவத்துக்குள்ளே ஓடும் விசை தெரியாது. ரண்டோரி வருமா? வராது. என்றைக்கும் வராது. நான்கில் இரண்டு முழுமையாகவும், ஒன்று அரைகுறையாகவும் வருகின்றன. ஒன்று வருவதே இல்லை. தூரத்தில் கொடுக்கப்படும் பட்டம், வந்து சேர்ந்தவற்றுக்கு மட்டும் சாட்சி சொல்லட்டும். வராததற்குச் சாட்சி சொல்லாதிருக்கட்டும். இன்றைய பேச்சில் நான் சொல்ல வந்தது இதுவே.

இதைச் சொல்லும்போது, ஜப்பானியர் படி வரிசையை எவ்வளவு பணிவோடு வைத்திருந்தனர் என்பதையும் நினைக்க வேண்டும். பழைய ஜூஜுட்ஸூ மரபுகளில் ஆசான் தம் கையாலே சுருளேடுகளில் எழுதிக் கொடுக்கும் அனுமதிப் பத்திரமே பட்டம். கானோ அம்முறையை விடுத்து, 'கோ' என்னும் பலகை விளையாட்டில் வழங்கிவந்த 'டான்' என்ற படி வரிசையை எடுத்துக்கொண்டு, 1883-ஆம் ஆண்டு தம் மாணவர் இருவருக்கு முதன்முதலாக 'ஷோடான்' என்ற நிலையை வழங்கினார். ஷோடான் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? தொடக்கப் படி என்று பொருள்! கறுப்புப் பட்டையைக் கட்டியவனை நாம் கரை கண்டவன் என்று கொண்டாடுகிறோம். அந்தப் பட்டையைக் கொடுத்தவர்களோ, இப்போதுதான் நீ கற்கத் தகுதி பெற்றாய் என்ற கருத்தில் கொடுத்தார்கள். தொடக்கத்தைக் குறிக்கும் பத்திரத்தை முடிவைக் குறிக்கும் பத்திரமாக விற்பதும் வாங்குவதும் எவ்வளவு பெரிய விபரீதம்!

அப்படியானால் சர்வகலாசாலைப் பட்டத்துக்கும் தற்காப்புக் கலைக்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு, மிக நெருங்கிய சம்பந்தம் உண்டு. ஜப்பானில் 1984-ஆம் ஆண்டு வீரக்கலைகளுக்கென்றே சர்வதேச பூடோ பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. கொரியாவில் 1953-இல் ஜூடோப் பள்ளியாகத் தோன்றிய நிறுவனம் இன்று யோங்கின் பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிறது. பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்திலிருந்து 2015-ஆம் ஆண்டு முதல் தற்காப்புக் கலை ஆராய்ச்சிக்கென்றே ஒரு பத்திரிகை வெளிவருகிறது. இவற்றிலே என்ன படிக்கிறார்கள்? கலையின் சரித்திரத்தைப் படிக்கிறார்கள். எலும்பும் தசையும் இயங்கும் விதத்தைப் படிக்கிறார்கள். குழந்தைக்கு எவ்வாறு கற்பிப்பது, காயத்தை எவ்வாறு தவிர்ப்பது, கூடத்தை எவ்வாறு நடத்துவது என்பவற்றையெல்லாம் படிக்கிறார்கள். இவை அனைத்தும் சாஸ்திரம். சாஸ்திரத்துக்குப் பட்டம் தருவது நியாயமே. அந்தச் சாஸ்திரத்தின் பெரும்பகுதியைத் தூரத்திலிருந்து கற்பதும் இயல்வதே.

நமக்குப் பழக்கமான ஓர் உவமையைச் சொல்லுகிறேன். சங்கீத சாஸ்திரத்தில் மேளகர்த்தா விவகாரங்களையும் தாள பேதங்களையும் துறைபோகக் கற்ற பேராசிரியர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை நாம் வித்துவான் என்று வணங்குகிறோம். ஆனால் கச்சேரி மேடையில் அவர் உட்கார்ந்து பாட வேண்டும் என்று வற்புறுத்துவதில்லை. ஊரே மெய்ம்மறக்கும்படி நாகஸ்வரம் வாசிக்கிற கலைஞர் சுர சாஸ்திரத்தை நூல்முறையில் விளக்கமாட்டாதவராக இருக்கலாம். அதனால் அவர் பெருமை குன்றுவதில்லை. இருவருக்கும் நாம் மாலையிடுகிறோம். ஆனால் ஒருவருடைய மாலையை மற்றவர் கழுத்தில் மாற்றிப் போடுவதில்லை. தற்காப்புக் கலையில் மட்டும் அந்த விவேகத்தை நாம் ஏன் கைவிட வேண்டும்? இந்தக் கலையில் மாலை மாறிப்போனால் அபசுரத்தோடு போகாது, அன்பர்களே. அந்தப் பத்திரத்தை நம்பி ஒரு பெண் இருட்டிய தெருவில் தைரியமாக நடப்பாள், அந்தப் பத்திரத்தை நம்பி ஒரு தந்தை தம் குழந்தையின் கழுத்தையும் முதுகெலும்பையும் ஒருவர் கையில் ஒப்படைப்பார்.

படம் பிடித்து அனுப்புவதனால் இந்தக் குறை தீர்ந்துவிட்டதே என்று சிலர் சொல்லக்கூடும். அமெரிக்காவில் 2009-ஆம் ஆண்டளவில், பிரேசில் நாட்டு ஜியூ ஜிட்ஸூவைப் பரப்பிய கிரேசி குடும்பத்தைச் சேர்ந்த சகோதரர்கள், இணைய வழியாகப் பாடங்களை அளித்து, மாணவர் அனுப்பும் காணொளியைப் பார்த்து மதிப்பிடும் முறையைத் தொடங்கினார்கள். பாடங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டவை, விளக்கங்கள் தெளிவானவை, ஆசான் இல்லாத ஊர்களிலே பலருக்கு அவை கண்திறப்பாக இருந்தன. ஆயினும் அக்கலையைச் சேர்ந்த ஆசான்கள் பலர், பாயில் நேருக்கு நேர் உருளாதவனுக்குப் பட்டை தரலாமா என்று ஆட்சேபித்தனர். ஏன்? காணொளியில் எதிரே இருப்பவன் தோழன். விழவேண்டிய நேரத்தில் விழுவான். பிடி கொடுக்கவேண்டிய நேரத்தில் கொடுப்பான். அசைவின் உருவத்தைக் காட்டுகிற படக்கருவி, அந்த அசைவின்மேல் விழும் பாரத்தைக் காட்டுவதில்லை. மாணவனின் தவறுகளைத் திருத்த அது மிகவும் உதவும். திருத்துவதற்கு உதவுகிற கருவி எல்லாம் தீர்ப்புச் சொல்லத் தகுந்த கருவி ஆகிவிடாது.

இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம். தூரத்திலிருந்து கற்பிக்கும் முயற்சி நமக்குப் புதிதா? கன்னியாகுமரி வட்டாரத்து ஆசான்மாரிடம் பரம்பரையாக இருந்துவரும் வர்மச் சுவடிகளை நினைத்துப் பாருங்கள். காலத்தைக் கடந்து, முகம் அறியாத மாணவனுக்கு முன்னோர் எழுதிவைத்த பாடங்கள் அல்லவா அவை? உடம்பில் 108 வர்மங்கள். அவற்றிலே படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று அவை வகுத்துச் சொல்லும். எந்த உறுப்பிலிருந்து எத்தனை விரற்கடை தூரத்தில் எந்த வர்மம் இருக்கிறது என்று அளந்து சொல்லும். எவ்வளவு அழுத்தம் என்பதற்கும் கணக்கு உண்டு. கால் மாத்திரை, அரை மாத்திரை, முக்கால் மாத்திரை, முழு மாத்திரை என்று வகைப்படுத்திச் சொல்லும். அரை மாத்திரை என்ற சொல்லை ஓலையில் எழுதலாம், அச்சில் ஏற்றலாம், இன்று கைபேசியிலும் அனுப்பலாம். ஆனால் அரை மாத்திரை என்னும் அந்த அழுத்தத்தை எதில் வைத்து அனுப்புவது? ஆசான் தம் விரலை மாணவனின் தோளில் வைத்து, இதுதான் அரை மாத்திரை என்று ஒரு முறை அழுத்திக் காட்டினாலன்றி, அந்தச் சொல் அவனுக்கு வெறும் சொல்லே. சுவடி எழுதிய முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். ஆகவேதான் சுவடி இருந்தும் ஆசான் வேண்டும் என்றனர். ஆசான் இருந்தும் சுவடி வேண்டும் என்றனர். எழுதிவைக்காத வித்தை ஆசானோடு சுடுகாட்டுக்குப் போய்விடும். தொட்டுக் காட்டாத வித்தை ஏட்டோடு செல்லரித்துப் போய்விடும்.

இந்த இடத்தில், பட்டங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக மறந்துவிடுகிற ஓர் அநியாயத்தை எடுத்துச் சொல்லாமல் நான் மேலே போக முடியாது. வித்தை இல்லாதவனுக்குப் பத்திரம் கிடைப்பதை எல்லாரும் கண்டிக்கிறோம். வித்தை உள்ளவருக்குப் பத்திரம் கிடைக்காமல் இருப்பதைக் கண்டிப்பவர் எத்தனை பேர்? கிராமத்தில் ஒரு சிலம்ப வாத்தியார் இருக்கிறார். காலடி வரிசையும் வீச்சும் குத்துவரிசையும் அவருடைய எலும்போடு கலந்தவை. மாலைதோறும் களத்து மேட்டில் பிள்ளைகளைப் பழக்குகிறார். ஆனால் பள்ளிக்கூடத்தில் பயிற்சியாளர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது அவரிடம், உம்முடைய சான்றிதழ் எங்கே என்று கேட்கிறார்கள். அவர் தம் காய்த்துப்போன கைகளைக் காட்டினால் அந்தக் கைகள் விண்ணப்பப் படிவத்தில் ஒட்டுமா? தொலைநிலைக் கல்வியின் பயன் உண்மையாக வேண்டியிருக்கிற இடம் இதுதான் என்று நான் கருதுகிறேன். உடற்கூற்றையும் முதலுதவியையும் கற்பிக்கும் முறையையும் கலையின் சரித்திரத்தையும் எளிய தமிழில் பாடங்களாக்கி, அந்த வாத்தியாருடைய வீட்டுத் திண்ணைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். அவர் முன்பே பெற்றிருக்கும் கைத்திறனை அறிந்தவர்கள் நேரில் வந்து பார்த்து மதிப்பிடட்டும். தொழிலாளர்கள் அனுபவத்தால் பெற்ற திறனைச் சோதித்துச் சான்று வழங்கும் வழி, 2015-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமரின் திறன் வளர்ச்சித் திட்டத்தில் பல தொழில்களுக்கு வகுக்கப்பட்டிருக்கிறது. கொத்தனாருக்கும் தச்சருக்கும் பொருந்துகிற நியாயம் கம்பு பிடித்த கைக்குப் பொருந்தாதா?

இளைஞர்களே, உங்களுக்குச் சில வார்த்தைகள். பத்திரத்தின் பகட்டுக்கு மயங்காதீர்கள். நம் நாட்டில் பட்டம் வழங்கும் உரிமை, 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, முறையாக அமைக்கப்பட்ட சர்வகலாசாலைகளுக்கும் சட்டம் அதிகாரம் அளித்த நிறுவனங்களுக்குமே உண்டு. நினைத்தவர் நினைத்தபடி சர்வகலாசாலை என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளவும் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே 'டாக்டர்' என்றும் 'மகா ஆசான்' என்றும் பட்டங்கள் பணத்துக்கு வரும்போது, பணத்தை எடுப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பட்டத்தைக் கொடுக்கும் அதிகாரம் இவர்களுக்கு எங்கிருந்து வந்தது? இது என் அறிவை அளந்ததா, என் உடம்பை அளந்ததா? உடம்பை அளந்தது என்றால், அளந்தவரின் கை என்மேல் எப்போது பட்டது? இம்மூன்று கேள்விகளுக்கும் தயங்காமல் விடை சொல்லுகிற நிறுவனம் எவ்வளவு சிறியதாயினும் அதை வணங்கிச் சேருங்கள். விடை சொல்லத் தயங்குகிற நிறுவனம் எவ்வளவு பெரியதாயினும் விலகி நில்லுங்கள்.

பாடம் அமைக்கிற அறிஞர்களுக்கும் ஒரு விண்ணப்பம். சாஸ்திரப் பகுதியைத் தூரத்திலிருந்து கற்பியுங்கள். அதற்குத் தனிச் சான்றிதழ் கொடுங்கள். இது அறிவுக்கு உரியது என்று அதன் முகத்திலேயே அச்சிடுங்கள். பயிற்சிப் பகுதிக்கு ஆண்டுக்குச் சில நாட்களாவது மாணவர்களை ஓரிடத்தில் கூட்டி, முன்பின் அறியாதவரோடு அவர்களை நிறுத்திச் சோதியுங்கள். அதற்கு வேறொரு சான்றிதழ் கொடுங்கள். ஒன்றைப் பெற்றவன் மற்றதைப் பெறாதவனாக இருப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இரண்டையும் ஒன்றாகக் கலந்து, எதற்கு என்று விளங்காத ஒரு பெரிய பத்திரத்தை நீட்டுவதில்தான் வெட்கம் இருக்கிறது.

பெரியோர்களே, நேரம் ஆகிவிட்டது. முடிப்பதற்கு முன் உங்களை மறுபடியும் அந்த நூல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லுகிறேன். மெலிந்த உடம்போடு ஓர் இளைஞர் உட்கார்ந்திருக்கிறார். எதிரே அந்நிய மொழியில் ஒரு புத்தகம். அதிலே, கடல் கடந்த தேசத்திலிருந்து, தம் வாழ்நாளில் சந்திக்கப்போகாத ஒருவர், எதிரியைத் தோள்மேல் ஏற்றும் வித்தையை அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த இளைஞர் அதை மதித்தார், கூர்ந்து படித்தார், மனத்தில் பதித்தார். அப்பொழுதே ஒருவர் வந்து, நீர் இதைப் படித்து முடித்துவிட்டீர், இதோ உமக்குப் பட்டம் என்று ஒரு தாளை நீட்டியிருந்தால், கானோ ஜிகோரோ என்ன செய்திருப்பார்? அந்தத் தாளை அவர் வாங்கியிருப்பாரோ மாட்டாரோ, நான் அறியேன். அவர் செய்தது ஒன்றை மட்டும் அறிவேன். புத்தகத்தை மூடி வைத்தார். எழுந்தார். ஃபுகுஷிமா நிற்கும் கூடத்தை நோக்கி நடந்தார்.

நீங்களும் படியுங்கள், எவ்வளவு தூரத்திலிருந்து வந்தாலும் வாங்கிப் படியுங்கள், படித்து முடித்தபின் எழுந்து, கூடத்தை நோக்கி நடந்து செல்லுங்கள்.